மாதிரிக்கு நின்ற லாரி

லாரிக்கு வரியை எடை பார்த்துப் போடுவதா, சக்கரத்தை எண்ணிப் போடுவதா, ஓடுகிற தூரத்தை அளந்து போடுவதா என்று மேலே இருக்கிறவர்களுக்குக் குழப்பம் வந்த வருஷத்தில் கல்லுப்பாளையத்தில் முந்நூற்று நாற்பது லாரிகள் இருந்தன, அதில் ஒரு லாரி சின்னதாகிக்கொண்டே போனது, அதைத்தான் சொல்லப்போகிறேன். ஏன் சின்னதானது என்று என்னைக் கேட்காதீர்கள், மூன்றாம் வகுப்போடு என் படிப்பு சரி, லாரிக்குத் தார்ப்பாய் தைப்பது என் பிழைப்பு, அளவு குறைந்ததை முதலில் பார்த்தவன் நான் என்பதற்கு மேல் எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது.

அரசாங்கம் ஏழு பேரைப் போட்டு மோட்டார் வாகன வரி ஆலோசனைக் குழு என்று ஒன்றை அமைத்தது. ரிட்டையரான பெரிய அதிகாரி திருவேங்கடம் தலைவர். பஸ் முதலாளிகள் சார்பில் ஒருத்தர், லாரிக்காரர்கள் சார்பில் எங்கள் சங்கச் செயலாளர் அத்தியப்பன், கார் விற்கிறவர் ஒருத்தர், ரோடு போடுகிற இன்ஜினியர் ஒருத்தர், காலேஜ் வாத்தியார் ஒருத்தர். ஏழாவது ஆள் எதற்காக வந்தார் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அவர்தான் நேரத்துக்கு வருவார். லாரி ஊர் என்பதால் எங்கள் ஊர் டிராவலர்ஸ் பங்களாவிலேயே கூட்டம், மாசத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை.

முதல் கூட்டத்துக்கு முன்னால் அத்தியப்பன் சங்கத்து ஆட்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்: “இவங்கெல்லாம் லாரியப் பாத்தது கார்ல போறப்ப பின்னாடியிருந்துதானப்பா. ‘ஒலி எழுப்பவும்’னு எழுதியிருக்கறதப் படிச்சுப்போட்டு வரி போட வந்திருக்காங்க. முழு லாரியக் கொண்டுபோய் கண்ணு முன்னால நிறுத்தோணும். மாட்டைப் பாக்காம மாட்டுக்கு யாராச்சும் வெல சொல்லுவாங்களா?”

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை, ஒரு பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டால் எதிராளி மனசு இளகிவிடும் என்று. புது லாரியை நிறுத்தினால் பணக்காரப் பயல்கள் என்பார்கள், ஓட்டை லாரியை நிறுத்தினால் உடைக்கச் சொல்வார்கள், ஆகையால் நடுவாந்தரமாக ஒன்று வேண்டும் என்று தேடியது செங்கோடனுடைய ஆறு சக்கர லாரியில் வந்து நின்றது. பதினோரு வருஷத்து வண்டி, அவனே முதலாளி அவனே டிரைவர், ஒரு தவணைகூட வரி தவறாதவன், இருபத்திரண்டடி நீளத்துக்குக் கழுவித் துடைத்து எலுமிச்சம்பழம் கட்டி, கல்யாண மாப்பிள்ளையைப்போலக் கொண்டுவந்து பங்களா வாசலில் நிறுத்தினான். குழுவின் பணி முடியும் வரை மாதிரிக்காக வண்டி ஒப்படைக்கப்படுகிறது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தான். பக்கத்தில் நின்ற அவன் சம்சாரம் பாவாயி மட்டும் ஒன்று கேட்டாள்.

“பணி முடியற வரைக்கும்னா எப்ப வரைக்கும்ங்கண்ணா?”

“மூணே மாசம் அம்மிணி,” என்றார் அத்தியப்பன். “மூணு மாசத்துல வரி பாதியாகுது, உம்புருசன் பேரைச் சொல்லிச் சங்கத்துல மாலை போடறோம்.”

முதல் செவ்வாய்க்கிழமை குழு கூடியது. ஏழு பேரும் லாரியைச் சுற்றி வந்தார்கள், ஒருத்தர் டயரை மிதித்துப் பார்த்தார், ஒருத்தர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார், இன்ஜினியர் இதுதான் ரோட்டைக் கெடுப்பது என்றார், அத்தியப்பன் ரோடே இல்லாத இடத்தில் எதைக் கெடுப்பது என்றார், பஸ்காரர் நாங்கள் சீட்டுக்கு வரி கட்டுகிறோம், நிற்கிறவனுக்கும் கட்டுகிறோம் என்றார், நாலு மணிவரை பேசிவிட்டுக் கலைந்தார்கள். வானம் மூட்டமாக இருக்கிறதே என்று நான் தார்ப்பாயைப் போர்த்தப் போனேன். பின்பக்கம் ஒரு சாண் அதிகமாகத் தொங்கியது. முப்பது வருஷமாகத் தைக்கிறவன் ஒரு சாண் தப்பாக வெட்டிவிட்டோமே என்று வெட்கப்பட்டு, யாரும் பார்க்காமல் மடித்துத் தைத்துவிட்டு வந்தேன். அடுத்த கூட்டம் முடிந்து போனபோதும் ஒரு சாண் தொங்கியது. மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு பாடி கட்டுகிற மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய் டேப் வைத்து அளந்தேன். இருபதடிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

“மரம் காஞ்சா சுருங்குமுங்க,” என்றார் மேஸ்திரி.

“இரும்பு?”

“இரும்புக்கும் ஒரு காலம் வருமாட்டம் இருக்குது,” என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊரில் நின்ற வண்டியை விட்டுவிட்டு டிரைவர் போகமாட்டான். லோடுக்கு நிற்கட்டும், பஞ்சருக்கு நிற்கட்டும், செக்போஸ்ட்டில் பத்து நாள் நிற்கட்டும், கேபினுக்குள்ளேயே படுத்து, கேபினுக்குள்ளேயே சாப்பிட்டு, குளிக்க மட்டும் இறங்குவான். விட்டுப் போனவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். அதனால் செங்கோடனும் கேபினிலேயே இருந்தான். நாலாவது கூட்டம் முடிந்த மறுநாள் மத்தியானம் பாவாயி சோறு கொண்டுவந்தபோது அவன் இறங்கி வந்து கை கழுவினான். அவளைவிட ஒரு தலை உயரமாக இருந்த மனுஷன் அவள் காது மட்டத்துக்கு நின்றான். சட்டை தொளதொளவென்று இல்லை, செருப்பு பெரிதாக இல்லை, எல்லாம் அவனுக்குக் கச்சிதமாகவே இருந்தது.

“ஏனுங்க, நீங்களுமா?”

“எனக்கொண்ணும் தெரியல புள்ள. ஸ்டீரிங்கு கைக்குப் பழையபடிதான் இருக்குது. ரோடுதான் கொஞ்சம் பெருசாயிட்டாப்ல இருக்குது.”

மறுநாள் பாவாயி தூக்குப்போசியில் ஒரு கரண்டி சோறு குறைவாகப் போட்டாள், அவன் வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு மிச்சம் வைத்தான்.

குழு கூடியது, லாரி குறைந்தது. முதலில் சாண் சாணாக, பிறகு முழம் முழமாக. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, எதற்குத்தான் ஊர் பழகவில்லை. நான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தார்ப்பாயை வெட்டிச் சின்னதாக்கினேன், பஞ்சர் கடைக்காரர் சைக்கிள் டியூபை அறுத்து ஒட்டுப் போட்டார், வாட்ச் ரிப்பேர்க்காரர் வந்து இன்ஜினுக்குச் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டார், பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்து பார்த்தவர்கள் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம், சின்ன லாரிதானே என்று சொல்லிவிட்டு போண்டா சாப்பிட்டுப் போனார்கள். பங்களா எதிரில் டீக்கடை போட்டிருந்தவன் ஒருநாள் பாவாயியைச் சீண்டிப் பார்த்தான்.

“ஏக்கா, இந்தப் போக்குல போனா மாமனை மடியில வெச்சுத் தாலாட்டலாமாட்டம்?”

“தாலாட்டிக்கறேன். உன்ற சம்சாரம் உன்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கறாளே, அதுக்கு இது தேவலை,” என்றாள் பாவாயி. கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

லாரி குறையக் குறையச் சங்கத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். “ஐயா, இது இப்ப வேன் அளவுதான் இருக்குது, வேனுக்குண்டான வரியப் போடுங்க,” என்று அத்தியப்பன் குழுவில் கேட்டார். “ஆர்.சி. புத்தகத்துல லாரின்னுதானே இருக்கு,” என்றார் பஸ்காரர். சின்னதாகிப்போன லாரிக்குச் சின்ன வரியா, அல்லது பெரிதாக இருந்தபோது கெடுத்த ரோட்டுக்கும் சேர்த்துப் பெரிய வரியா என்று நாலு கூட்டம் பேசினார்கள். காலேஜ் வாத்தியார் வெளிதேசத்துக் கணக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். பேசி முடித்து வெளியே வந்து பார்த்தபோது லாரி ஆட்டோ அளவுக்கு வந்திருந்தது. இனிமேல் வேன் வரி கேட்பதா ஆட்டோ வரி கேட்பதா என்று அத்தியப்பனுக்கே குழப்பமாகிவிட்டது.

அன்றைக்கு மறுநாள் காலையில் பாவாயி வந்து கேபின் கதவைத் தட்டினாள், குனிந்துதான் தட்டவேண்டியிருந்தது.

“வண்டிய எடுங்க. ஊட்டுக்குப் போலாம்.”

“புக்கு உள்ள இருக்குது புள்ள. எழுதிக் குடுத்திருக்கேன்.”

“புக்கை அவங்களே வெச்சுப் படிக்கட்டும். நீங்க எடுங்க.”

செங்கோடன் சாவியைத் திருகினான். லாரி புகையைக் கக்கி அசைந்தது. அத்தியப்பன் எங்கிருந்து ஓடிவந்தாரோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று கையை விரித்தார். “செங்கோடா, முந்நூத்தி முப்பத்தொம்போது வண்டி உன்னை நம்பி நிக்குது. மாதிரியே ஓடிப்போச்சுன்னா நம்ம பேச்சு எடுபடுமா? இன்னும் ரண்டே கூட்டம் சாமி.” அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது, அவரைத் தப்பாகச் சொல்லக் கூடாது. செங்கோடன் அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தான், பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டான்.

“அப்ப வண்டிய விட்டுப்போட்டு நீங்களாச்சும் எறங்கி வாங்க,” என்றாள் பாவாயி.

“உன்ற இடுப்பு உசரத்துல ஊருக்குள்ள நடந்து வரட்டுமா? எறங்குனா நான் குள்ளன். இதுக்குள்ள இருந்தா டிரைவர்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் லாரி பாதியானது. வாசலில் நிறுத்த முடியவில்லை, நாய் வந்து மோந்து பார்த்தது, காக்கை எலுமிச்சம்பழத்தைக் கொத்தியது, ஆகவே உள்ளே கொண்டுபோய் மேசைமேல் தண்ணீர் பாட்டிலுக்கும் பைலுக்கும் நடுவே வைத்தார்கள். குழுவில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். கார் விற்கிறவர் திராட்சையைத் தோலுரித்து விண்டு கதவருகே வைப்பார். எதற்கு வந்தார் என்று தெரியாத அந்த ஏழாவது ஆள், வந்ததும் முதல் வேலையாக மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். பாவாயி தூக்குப்போசியை விட்டு டம்ளருக்கு வந்தாள், டம்ளரை விட்டு பாட்டில் மூடிக்கு வந்தாள், கடைசியில் வெற்றிலைக் கிள்ளல் ஒன்றில் நாலு பருக்கையும் ஒரு சொட்டு ரசமும் கொண்டுவந்தாள். அவன் பேசுவது கேட்க மேசைமேல் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். என்ன சொன்னார் என்று கேட்டால், ரசத்துல உப்பு பத்தலையாம் என்பாள்.

லாரி ஒரு சாண் நீளம் இருந்த அன்று அவள் தலைவர் திருவேங்கடத்தின் அறைக்குப் போனாள். காவலுக்கு இருந்தவர் தடுக்கவில்லை. நானும் கூடப் போனேன், தனியாக எப்படி அனுப்புவது.

“சாமி, வரி என்னமோ போட்டுக்குங்க. ஒண்ணுக்குப் பத்தாக் கூடப் போட்டுக்குங்க. கூட்டத்தை மட்டும் நிறுத்திப்போடுங்க.”

அவர் எழுந்து நின்றே பேசினார். “அம்மா, இந்தக் குழுவைக் கலைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சுக் கொடுங்கன்னு கேக்கத்தான் அதிகாரம் இருக்கு. கூடாம விட்டா அறிக்கை கிடையாது, அறிக்கை இல்லாம குழு முடியாது, முடியாம வண்டியைத் திருப்பித் தரமுடியாது.”

“இன்னும் எத்தனை கூட்டம் ஆகுங்க?”

“குறைஞ்சது ஏழு.”

பாவாயி விரலை மடக்கிப் பார்த்தாள். ஒரு சாண் ஏழு தரம் பாதியானால் என்ன மிஞ்சும் என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. விரல் மடங்குவதை அவரும் பார்த்தார், பிறகு, “ஒரே கூட்டத்துல முடிச்சுடறேன். உட்கார்ந்தா முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்போம். உங்க வண்டி அரைச் சாணாவது மிஞ்சும், நீங்க எடுத்துட்டுப் போயிடலாம்,” என்றார். அரைச் சாண் புருஷன் போதும் என்று பாவாயி கையெடுத்துக் கும்பிட்டாள். அரைச் சாண் என்பது வண்டியின் நீளம், அதற்குள் இருக்கிறவன் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். லாரி பாதியானது, விரல் நீளத்துக்கு நின்றது, நாங்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், பாவாயியை உள்ளேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று பேச்சு. டீ வேண்டாம் என்றார்கள், ஒன்றரை மணிக்குச் சாப்பாடு வேண்டாம் என்றார்கள், சர்க்கரை வியாதிக்காரரான தலைவர் ஒரு பிஸ்கட்டோடு இருந்தார். எடைக்கு இத்தனை என்று ஒத்துக்கொண்டார்கள், சக்கரத்துக்கு இத்தனை என்று ஒத்துக்கொண்டார்கள், ஒரு வருஷமாகப் பேசியதை ஒரு பகலில் பேசி முடித்தார்கள், மனுஷர்கள் நினைத்தால் முடிக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்றேமுக்காலுக்கு அறிக்கையில் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது. அதில் ‘ரோட்டைக் கெடுக்கும் வாகனங்கள்’ என்ற இடத்தில் பஸ்ஸையும் சேர்க்கவேண்டும் என்றார் அத்தியப்பன்.

பஸ்காரர் மேசையைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு பேர் அவரைச் சமாதானம் செய்ய ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் தோளில் கைபோட்டு அழைத்து வந்தார்கள், அவரும் மன்னிச்சுக்குங்க என்று உட்கார்ந்தார். தலைவர் நாற்பது வருஷம் கூட்டம் நடத்திப் பழகிய வாயால், “கூட்டம் மறுபடி தொடங்குகிறது,” என்றார்.

லாரி பாதியானது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தியப்பன் துள்ளியெழுந்து, “உன்னாலதானய்யா ஆச்சு!” என்று பஸ்காரர் சட்டையைப் பிடித்தார், ரெண்டு பேரும் புரண்டு கதவுக்கு வெளியே போனார்கள், இழுத்து வந்து உட்காரவைத்தார்கள், தலைவர் இந்த முறை ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், ஆனால் எல்லாவற்றையும் குறிப்பெழுதுகிற கிளார்க் தலையைக் குனிந்தபடியே, கலைந்த கூட்டம் மூன்று ஐம்பத்தெட்டுக்கு மீண்டும் கூடியது என்று எழுதினார். லாரி புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. எழுதியதை அடிக்கச் சொல்லித் தலைவர் கத்தினார். அடித்ததற்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றார் கிளார்க். ஒப்புதலுக்குக் கூடினார்கள். லாரி நெல்மணியானது. கூடியதே தப்பு, அதை ரத்து செய்யவேண்டும் என்றார் வாத்தியார். ரத்து செய்யக் கூடினார்கள். கடுகானது.

“ஐயோ, சும்மா இருங்களேன் சாமி! ஒருத்தரும் ஒண்ணும் பண்ணாதீங்க!” என்றாள் பாவாயி.

அப்போதுதான் எல்லோரும் சும்மா இருந்தார்கள். மின்விசிறி நின்றிருந்தது. அந்த அமைதியில் மேசைமேலிருந்து ஒரு ஹாரன் சத்தம் கேட்டது, கொசு காதுக்கருகே வந்து போகிறமாதிரி, இரண்டு சின்ன ஹாரன், ஒரு நீள ஹாரன். வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போது செங்கோடன் அடிப்பது அப்படித்தான். பாவாயி மேசைமேல் முகத்தை வைத்துத் தேடினாள். மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு தேடினாள். பிறகு ஹாரனும் கேட்கவில்லை.

ஒரு மணிநேரம் நாற்காலியை விட்டு யாரும் அசையவில்லை. எழுந்தபோது ஏழு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து, நுனிக்காலில் நடந்து வெளியே வந்தார்கள். அந்த ஏழாவது ஆள் வாசல்வரை வந்து மண்டியிட்டுத் தவழ்ந்து திரும்பிப் போனார். அவர் தேடிக்கொண்டே இருந்தார், வாட்ச்மேன் வந்து தூக்கிவிடும்வரை. அந்த ஹாலை அதற்குப் பிறகு யாரும் பெருக்கவில்லை. ஜன்னலையும் திறக்கவில்லை.

அறிக்கை ஒரு வரி பாக்கியோடு மேலே போனது. இப்போதைக்கு வரியில் மாற்றம் எதுவும் இல்லை, இதை ஆராய வேறு ஒரு வல்லுநர் குழு அமைக்கப்படும் என்று பேப்பரில் நாலு வரி வந்தது. அந்தக் குழுவுக்கு மாதிரி வண்டி கேட்டு எங்கள் சங்கத்துக்குக் கடிதம் வந்தபோது அத்தியப்பன் அதைப் பிரிக்காமலேயே பெஞ்சியில் வைத்துவிட்டுச் செயலாளர் வேலையை விட்டார். இப்போது எங்கேயோ தோட்டத்தில் இருக்கிறார், கீழே பார்த்துத்தான் நடக்கிறாராம்.

குழு முடிந்ததால் ஆர்.சி. புத்தகத்தைப் பாவாயியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த தவணைக்கு அவள் வரி கட்ட ஆபீசுக்குப் போனாள். கவுண்ட்டரில் இருந்த ஜெசிந்தாவுக்கு எல்லாம் தெரியும், ஊரில் யாருக்குத் தெரியாது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“அக்கா, இது உங்களுக்கு வேண்டாங்க்கா. வண்டி ஓடலைன்னு இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா போதும், இனி வரியே கேக்கமாட்டாங்க. பேரையும் எடுத்துருவாங்க.”

பாவாயி படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். பின்னால் வரிசையில் ஏழெட்டு டிரைவர்கள் நின்றார்கள், ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

“ஓடலைன்னு நான் எப்படி அம்மிணி எழுதறது?” என்றாள். “நின்னதை நான் பாக்கலையே.”

அவள் பணத்தை எடுத்து வைத்தாள். ஜெசிந்தா படிவத்தைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்தாள், ரசீது எழுதினாள், முத்திரையை மையில் தோய்த்து ஓங்கினாள், ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, குனிந்து, தாளின் மேலும் மேசையின் மேலும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் குத்தினாள்.